மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேட்டர்: திருத்துவதா, மாற்றுவதா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது, கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்ற பங்கீடு தொடங்கும் வரை, இலங்கையில் ஏராளமான பழைய கார்கள் அசையாமல் நின்றன. எங்கள் வீட்டு மொறிஸ் மைனரும் அவற்றுள் ஒன்று. பல மாதங்களுக்குப் பிறகு, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, மிதவைக் கிண்ணத்தில் இருந்த பெற்றோல் முழுவதும் ஆவியாகி, அடியில் பாணி போன்ற மஞ்சள் பசை படிந்திருந்தது. அதைக் கழுவி காரை மீண்டும் இயக்கியதும், ஐட்லிங்கில், அதாவது முடுக்கியை அழுத்தாமல் விட்டிருக்கும்போது, எஞ்சின் ஒரு நிலையில் நிற்காமல் ஏறியும் இறங்கியும் அலைந்தது. சந்திச் சமிக்ஞையில் நிற்கும்போதெல்லாம் அணைந்தது. அந்த நிலையில் என் முன் இருந்த தெரிவுகளையும், ஒவ்வொன்றையும் நான் எடைபோட்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தியானது. 1956இல் வந்த 'மைனர் 1000' 948 சிசி எஞ்சினைக் கொண்டது. 1962இல் அது 1098 சிசி ஆனது. எங்களுடையது பிந்தையது. அதில் உள்ளது எச்.எஸ்.2 வகை எஸ்.யூ. காபரேட்டர், அதன் வாய் ஒன்றேகால் அங்குலம். இதன் அமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டால்தான் கீழே சொல்லப்போவது விளங்கும். மற்றக் காபரேட்டர்களில் ஐட்லிங்குக்கு ஒரு ஜெற், ஓட்டத்துக்கு இன்னொரு ஜெற் என்று பல துளைகள் இருக்கும். எஸ்.யூ.வில் ஒரே ஜெற்தான். எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப, காபரேட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு பிஸ்ரன் மேலெழும். அதன் அடியில் தொங்கும் கூம்பிய ஊசியும் ஜெற்றை விட்டு மேலே வரும். ஊசி மெலிந்த இடத்துக்கு வரவர இடைவெளி கூடி அதிக பெற்றோல் வரும். பாகங்கள் குறைவு, ஒளிவுமறைவு இல்லாத பொறிமுறை. கையில் எடுத்துப் பார்த்தால் எது தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். என் தெரிவைத் தீர்மானித்ததில் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

குற்றவாளி காபரேட்டர்தானா?

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன்னர் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். எஞ்சின் ஒழுங்காக ஓடவில்லை என்றதும் காபரேட்டரின் திருகில் கை வைப்பது கராஜ்களில் ஊறிப்போன பழக்கம். வால்வு இடைவெளியும் பொயின்ற் (பிளக்குகளுக்கு மின்னைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளியும் தவறாக இருக்கும் எஞ்சினில் காபரேட்டரைத் திருகித் திருகிச் சரிசெய்ய முயல்வது, சாய்ந்த மேசையில் தராசை வைத்து நிறுப்பதற்கு ஒப்பானது. ஆகவே முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம் என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் காபரேட்டரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய வெற்றிடக் குழாயைக் காபரேட்டர் பக்கத்தில் மட்டும் கழற்றி, அந்த முனையை வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். நாக்கால் அடைத்ததும் இழுவை நிலைத்து நின்றால் உள்ளேயிருக்கும் சவ்வு நலமாக உள்ளது. காற்று தொடர்ந்து வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. பற்றவைப்பும் முன்நகராது, அந்த வழியே திருட்டுக் காற்றும் எஞ்சினுக்குள் போகும். இந்த ஒரு சவ்வுக்காகக் காபரேட்டரையே மாற்றியவர்களை நான் அறிவேன்.

அடுத்து, காபரேட்டர் தானாகவே சொல்லும் அடையாளங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் வைத்தால், மின்சார பெற்றோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று அடித்துவிட்டு மௌனமாக வேண்டும். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் அது தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தால், மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு மூடவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். பெற்றோல் மிதவையைத் தாண்டி வழிந்துகொண்டிருக்கும். முடுக்கியை அழுத்தியதும் எஞ்சின் ஒருகணம் திணறினால், பிஸ்ரன் சட்டென்று எழாமல் தடுக்கும், அதன் மேலேயுள்ள டாம்பரில் ஒயில் வற்றியிருக்கும், எஸ்.ஏ.ஈ. 20 எஞ்சின் ஒயிலை ஊற்றினால் அன்றே தீரும். சோக்கை உள்ளே தள்ளிய பின்னும் கரும்புகை வந்தால், கீழிறங்கிய ஜெற் திரும்ப மேலே வராமல் சிக்கியிருக்கிறது. விரலால் மேலே தள்ளிப் பார்த்தால் புரியும். பக்கவாட்டில் உள்ள சிறு முளையை அழுத்திப் பிஸ்ரனைத் தூக்கி விட்டால் அது 'டக்' என்று விழ வேண்டும். சத்தமின்றி மெதுவாக இறங்கினால், ஊசி ஜெற்றின் ஓரத்தில் உரசுகிறது அல்லது சுவரில் அழுக்குப் படிந்திருக்கிறது. மேற்கூறியவை எவற்றுக்கும் புதிய காபரேட்டர் தேவையில்லை. சிலவற்றுக்கு உதிரிப்பாகப் பொதியான கிட்டும் தேவையில்லை.

தீர்மானத்தின் அச்சாணி

எங்கள் காரில் இவை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் ஐட்லிங் அலைந்தது. அதற்கு முன்னரே ஒரு கடையில் 'முழு கிட்' என்று வாங்கிய பொதியைப் போட்டிருந்தேன். பலன் இல்லாததால், கிட்டில்தான் குறை என்று எண்ணி இரண்டாவதும் வாங்கினேன். இரண்டு கிட்களிலும் இருந்தவை வாசர்கள், ஜெற், மிதவை வால்வு ஆகியவையே. நோய் இருந்த இடம் வேறு.

காபரேட்டரின் குறுக்கே செல்லும் திறொட்டில் ஸ்பிண்டிலை (முடுக்கியை அழுத்தும்போது காற்று வழியைத் திறக்கும் தட்டைத் தாங்கும் அச்சு) இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது அது ஆடுவது தெரிந்தது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்பிண்டில் உடலுக்குள் நுழையும் இடத்தில் காபரேட்டர் கிளீனரைச் சிறிதளவு தெளித்தேன். எஞ்சினின் சத்தம் அந்தக் கணமே மாறியது. (சூடான எக்சோஸ்ற் குழாய் நேர்கீழே இருப்பதால், தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.) பிறகு கழற்றிப் பார்த்ததில், ஸ்பிண்டிலில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம்; அது சுழன்ற அலுமினிய உடலின் துளையோ முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. மீளிழுக்கும் ஸ்பிரிங் பல்லாண்டுகளாக ஒரே திசையில் இழுத்ததன் விளைவு அது. திறொட்டில் தட்டு மூடியிருக்கும்போது எஞ்சினின் இழுவை முழுவதும் அந்தச் சந்துக்குத்தான் விழும். காற்று அந்த வழியே புகுந்து கலவையை மெலிவாக்கும். தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் அமராது.

எனவே தெரிவுகள் அனைத்தையும் பிரிக்கும் கோடு இதுதான்: ஸ்பிண்டிலும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றனவா, இல்லையா? தேயவில்லையெனில் சாதாரண சேர்விஸ் கிட் போதும். தேய்ந்திருந்தால், உடலைத் திருத்தாமல் போடும் எந்தக் கிட்டும் வீண்செலவு.

கிட், புஷ், புதியது

சேர்விஸ் கிட் மிகவும் மலிவானது. ஒரு பிற்பகலில் வீட்டிலேயே முடிக்கலாம். ஆனால் கிட் வாங்கும்போது அதில் வரும் ஊசியை ஆராயாமல் போடக்கூடாது. எஸ்.யூ. ஊசிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கூம்பும் விதம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஊசியின் தலைப்பகுதியில் பொறித்திருக்கும் எழுத்தே அதன் அடையாளம். 1098 சிசி மைனருக்கு உரியது ஏ.என்.; 948 சிசிக்கு எம். எனக்குக் கிடைத்த முதலாவது கிட்டின் ஊசியில் எழுத்தே இல்லை. ஜெற் 0.090 அங்குலத் துளை கொண்டதாக இருக்க வேண்டும். ஊசி உரசி ஜெற்றின் வாய் நீள்வட்டமாகியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய ஊசியைப் பழைய ஜெற்றில் போடுவதில் பயனில்லை. ஊசியின் தோள் பிஸ்ரனின் அடிமட்டத்துடன் சமமாக இருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு அவசியம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காமல், ஒஸ்ரின் ஏ40 கார்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைத்திறனால்தான் பல கார்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அதே வேளையில், அக்காலத் தேவைக்காக மாற்றப்பட்ட ஜெற்றுகளும் அரம் பிடித்த ஊசிகளும் சில காபரேட்டர்களில் இன்னும் இருக்கின்றன. வடக்கில் ஓடிய காரை வாங்கியவர்கள், உள்ளே இருப்பது மூல அளவுதான் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடாமல், ஜெற்றையும் ஊசியையும் புதிதாக்கிவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும்.

இரண்டாவது தெரிவு, உடலைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெருப்பித்து, அதற்குள் புஷ் என்னும் உலோக உறையை இறக்கி, புதிய ஸ்பிண்டில் போடுவது. நான் தேர்ந்தெடுத்தது இதையே. செலவு கிட்டைவிடக் கூடுதல். ஆனால் புதிய காபரேட்டரின் விலையை நெருங்காது. இதன் வெற்றி முழுவதும் பட்டறைக்காரரின் நிதானத்தில் தங்கியிருக்கிறது. உடலின் இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதற்குத் துளையை அளவாகச் சீவும் ரீமரை ஒரு பக்கத்திலிருந்து விட்டு மறுபக்கமும் ஊடுருவச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே துளைத்தால் ஸ்பிண்டில் இறுகும், திறொட்டில் தட்டு ஓரத்தில் கடிக்கும். வேலையை ஒப்படைக்கும்போதே ஸ்பிண்டிலையும் கொடுத்து, அது விரலால் உருட்ட வழுக்கிச் சுழல வேண்டும், ஆனால் ஆடக்கூடாது என்று சொல்லிவிடுவது நல்லது. நான் முதலில் அணுகிய பட்டறையில் கைத் துளைப்பானை எடுத்தபோது உடலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் வயதான ஒருவர் உடலைக் கவ்வியில் பொருத்தி மட்டம் பார்ப்பதற்கே அரைமணி நேரம் செலவிட்டார். அவரிடமே கொடுத்தேன்.

உடல் திரும்பி வந்த பின் திறொட்டில் தட்டைப் பூட்டுவதில் பதற்றம் கூடாது. தட்டின் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று கீறி அடையாளமிட வேண்டும். திருகுகளைத் தளர்வாக விட்டு, தட்டைச் சில முறை திறந்து சட்டென்று மூடவிட்டால் அது தானாகவே நடுவில் அமரும். அதன் பிறகே இறுக்க வேண்டும். அந்த இரு சிறு திருகுகளின் பிளந்த முனையைச் சற்று விரித்துவிடுவது கட்டாயம். பழைய திருகுகளை மீண்டும் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் ஒருமுறை விரித்த முனை மறுமுறை முறியும். முறிந்து விழும் துண்டு போய்ச் சேரும் இடம் சிலிண்டர்.

மூன்றாவது, முழுதாகப் புதிய எஸ்.யூ. வாங்குவது. ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையான ஒரு பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது என்பது பெரிய வாய்ப்பு, எஸ்.யூ. பெயரின் உரிமையாளரான பேர்லன் நிறுவனம் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியிலிருந்து எச்.எஸ்.2ஐயும், ஸ்பிண்டில் உட்பட அனைத்தும் அடங்கிய மீள்கட்டமைப்புக் கிட்டையும் விற்கிறது. புதியதை வாங்கிப் பூட்டினால் சந்தேகங்கள் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். ஆனால் பவுண் விலை, கப்பல் கட்டணம், சுங்கத் தீர்வை ஆகியவற்றைக் கூட்டினால் கிட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். உடல் வெடித்திருந்தாலோ, இணைப்பு முகம் வளைந்து மட்டப்படுத்த முடியாத நிலையில் இருந்தாலோ, யாராவது ஏற்கெனவே புஷ் இறக்கிக் கோணலாக்கியிருந்தாலோ மட்டுமே இந்தச் செலவு நியாயமாகும் என்பது என் கருத்து. ஸ்பிண்டில் தேய்ந்தது என்பதற்காக மட்டும் நல்ல உடலை வீசிவிட மனம் ஒப்பவில்லை.

பழையதும் பிறிதும்

கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கழற்றிய எஸ்.யூ.க்கள் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். கிடைக்கும், ஆனால் அவையும் அதே வயதுடையவை, அதே ஸ்பிண்டில் தேய்வு கொண்டவை. தேய்ந்ததைக் கொடுத்து இன்னொரு தேய்ந்ததை வாங்குவதில் லாபம் இல்லை. மேலும், கடைக்காரர்கள் இரண்டு மூன்றைக் கலந்து ஒன்றாக்கி வைத்திருப்பதுண்டு. பிஸ்ரனும் அது ஏறி இறங்கும் மணிவடிவ மேற்கூடும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்ட சோடி. ஒன்றின் பிஸ்ரனை மற்றதன் கூட்டில் போட்டால் இடைவெளி மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிஸ்ரனில் உள்ள காற்றுத் துளைகளைப் பிளாஸ்ரிசின் களியால் அடைத்து, டாம்பரையும் பூட்டி, பிஸ்ரனைக் கூட்டின் உச்சிவரை தள்ளி, தலைகீழாகப் பிடித்துக் கூட்டை விழவிட்டால், ஒன்றேகால் அங்குல காபரேட்டரில் அது முழுதாக இறங்க மூன்று முதல் ஐந்து விநாடி எடுக்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் அது சோடி அல்ல. இறங்காமல் நின்றால் சுத்தம் செய்து மீண்டும் பார்க்கலாம். ஆனால் எமரித் தாளால் தேய்த்துவிட்டால் அந்தச் சோடி அன்றோடு முடிந்தது. உதிரிக்கென ஒன்றை வாங்கி மிதவை, மூடி போன்றவற்றைக் கழற்றி வைத்துக்கொள்வதானால் மட்டும் இந்தத் தெரிவு எனக்கு ஏற்புடையது.

ஜப்பானியக் காபரேட்டரை எஸ்.யூ.வின் இடத்தில் பூட்டும் வழக்கமும் உண்டு. எந்த மெக்கானிக்கும் அறிந்த பொருள், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் என்பன அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. தொலைதூரத்தில் வாழ்ந்து, அன்றாட வேலைக்குக் காரை நம்பியிருப்பவருக்கு அவை வலுவான காரணங்களே. ஆயினும் மைனரின் எஸ்.யூ. பக்கவாட்டில் காற்றை இழுப்பது. ஜப்பானியவை பெரும்பாலும் மேலிருந்து கீழே இழுப்பவை. இரண்டையும் இணைக்க ஒட்டுத் தகடு செய்ய வேண்டும், முடுக்கிக் கம்பியையும் சோக் கம்பியையும் மாற்ற வேண்டும், பொனற்றின் கீழ் உயரம் போதுமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும், அதன் ஜெற்றுகள் வேறொரு எஞ்சினுக்காக அளவிடப்பட்டவை என்பதால், ஐட்லிங்கில் சரியாக இருப்பது ஏற்றத்தில் மெலிந்து எஞ்சின் தட்டும். ஒவ்வொரு ஜெற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு, புஷ் இறக்கும் பொறுமை தாராளமாகவே இருக்கும்.

எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறுவதைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. உயரழுத்தப் பம்ப், திரும்பு குழாய், ஒட்சிசன் உணரி, கணினிப் பெட்டி எனப் பலவும் வேண்டும். மின்சாரம் தரும் மைனரின் டைனமோவே அதற்குப் போதாது; அதன் அதிகபட்ச வெளியீடு ஏறத்தாழ 22 அம்பியர், ஐட்லிங்கில் அதுவும் கிடையாது. மேலும் மைனர் பிறந்தது முதல் நேர்முனை தரையிடப்பட்ட கார். பற்றறி இணைப்பையே தலைகீழாக மாற்ற வேண்டிவரும். ஒரு ஸ்பிண்டில் ஆட்டத்தை நிறுத்துவதற்காகக் காரின் மின்சுற்று முழுவதையும் மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பூட்டிய பின்

புஷ் இறக்கிய உடலை, புதிய ஸ்பிண்டில், ஏ.என். ஊசி, ஜெற், மிதவை வால்வு ஆகியவற்றோடு பூட்டிய நாளில் நான் பின்பற்றிய ஒழுங்கைச் சொல்கிறேன். எந்தத் தெரிவை எடுத்தாலும் கடைசிக் கட்டம் இதுவே. முதலில் ஜெற்றை நடுவப்படுத்த வேண்டும்: பூட்டுமரையைத் தளர்த்தி, ஜெற்றை மேலே தள்ளி, பிஸ்ரனை மெல்லக் கீழே அழுத்தியபடி மரையை இறுக்கி, பிறகு தூக்கிவிட்டு அந்த 'டக்' சத்தத்தைக் கேட்க வேண்டும். ஜெற் மேலே இருக்கும்போதும் முழுதாகக் கீழே இருக்கும்போதும் சத்தம் ஒன்றாக இல்லாவிட்டால் மீண்டும் தொடங்க வேண்டியதுதான். எனக்கு நான்காம் முறைதான் சரிவந்தது. அடுத்து ஜெற்றைப் பாலத்துடன் (பிஸ்ரனுக்கு நேர்கீழே உள்ள மேடை) சமமட்டமாக்கி, அங்கிருந்து சரிக்கட்டும் மரையை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்க வேண்டும். அது தொடக்க நிலை மட்டுமே.

எஞ்சின் நன்றாகச் சூடானதும், பக்கவாட்டு முளையால் பிஸ்ரனை ஒரு அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டும் தூக்கிப் பார்த்தேன். வேகம் கூடி அப்படியே நின்றது, கலவை செறிவு. மரையை ஒரு முகம் மேலே ஏற்றினேன், அதாவது ஆறில் ஒரு சுற்று. மீண்டும் தூக்கியபோது இன்னும் சற்றுக் கூடியது. இன்னொரு முகம். இம்முறை வேகம் மிக இலேசாக எழுந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. முளையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நிமிடமாகியும் ஐட்லிங் இம்மியும் அசையவில்லை. டாஷ்போட்டில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த டைனமோ விளக்கின் துடிப்புக்கூட ஒரே சீராக இருந்தது. மறுநாள் காலை பருத்தித்துறை வீதியில் ஓட்டிச் சென்றபோது, சந்திகளில் நின்றபோது ஒருமுறையேனும் அது அணையவில்லை.